அரை அந்தர் கிழங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஸ் ஓடியது. கண்டி குட்ஷெட் நிலையத்திலிருந்து வத்தேகமைக்கு மணிக்கு ஒன்றாவது போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த வழியாகப் போகும் மாத்தளை ரயிலும் ஓடியது. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடத்தில், அறுபத்தாறு வயதில் நான் சைக்கிளை எடுத்தது வாகனம் கிடைக்காததால் என்று கட்டுக்கலையில் எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அது பொய். என் மச்சான் வீரய்யாவின் வாய்தான் காரணம்.

வைகாசியில் என் மகள் புஷ்பத்துக்குக் கல்யாணம் முடிவாயிற்று. முகூர்த்தம் ஆவணிக் கடைசியில். எங்கள் வீட்டில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். பெண்ணின் தகப்பன் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது, தொலைபேசியில் சொல்லக் கூடாது. அந்த மாமன் வந்து மாலை போட்டு, பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அவன் வராவிட்டால் கல்யாணம் நடக்கும். ஆனால் சபையில் ஒரு இடம் வெறுமையாக நிற்கும். வந்தவர்கள் எல்லோரும் அந்த வெறுமையைத்தான் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

புஷ்பத்தின் தாய்மாமன் என் மனைவி பரிமளத்தின் அண்ணன் வீரய்யா. வத்தேகமச் சந்தையைத் தாண்டி பன்வில பாதையில் போய், இடது பக்கம் பிரியும் ஏற்றத்தின் உச்சியில் வீடு. அந்த ஏற்றத்துக்கு ஊரில் பதினொரு வளைவு என்று பேர். அவரோடு நான் பேசிப் பதினொரு வருடமாகியிருந்தது.

வீரய்யாவின் அம்மா, என் அப்பாவின் தங்கச்சி. எனக்கு அத்தை. அத்தை செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலைதான் முதலில் போர்த்தப்பட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். பொல்கொல்லையில் பஸ்ஸின் டயர் வெடித்தது. நாற்பது நிமிடம் பிந்திவிட்டேன். வீரய்யா வேறு ஆட்களின் சேலையைப் போர்த்தச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்குச் சனம் நிறைந்த வாசலில் வைத்துச் சொன்னார்: “உங்க வீட்டு ஆளுங்க எப்பவும் தள்ளிக்கிட்டுத்தானே வருவீங்க. மாமா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு இந்த மேட்டுல வந்தாரு. நீங்க பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?”

சிலர் சிரித்தார்கள். என் அப்பா கறுப்பையா கண்டி மாநகர சபையில் பியோன். அலுவலகம் கொடுத்த சைக்கிளில்தான் அவருடைய வாழ்க்கை ஓடியது. நான் கோடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இந்த வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்” என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

வைகாசியில் பரிமளம் தன் அண்ணனை அழைத்தாள். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

“அண்ணே, புஷ்பத்துக்கு முடிவாயிருச்சு. அவ அப்பா பத்திரிகை கொண்டு வருவாங்க.”

“யாரு, மாப்பிள்ளையா? எதுல வருவாரு? பஸ்ஸை நம்பி வந்தா கல்யாணமே முடிஞ்சுரும். என்கிட்ட டீசல் இருக்கு, வேன் அனுப்புறேன்.”

“அவுங்க ஏற மாட்டாங்கண்ணே.”

“அப்ப மாமா மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வரச் சொல்லு. அந்த வீட்டுக்கு அதுதானே வாகனம்.”

நான் தொலைபேசியை வாங்கினேன். “மச்சான், சைக்கிள்லயே வர்றேன். தள்ளிக்கிட்டு இல்ல. பதினொரு வளைவையும் மிதிச்சு ஏறுறேன். கால் தரையில படாது. அப்படி வந்தா நீங்க கல்யாணத்துக்கு வந்து நிக்கணும்.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “மிதிச்சு ஏறிட்டா வந்து நிக்கிறேன். தள்ளிக்கிட்டு வந்தா நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்.”

“சரி.”

பரிமளம் தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “ரெண்டு பேரும் சேந்து எம் பிள்ளை கல்யாணத்தைக் கொண்டுபோய் சைக்கிள்ல கட்டிட்டீங்களே” என்று அழுதாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

அப்பாவின் சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே பதினைந்து வருடமாகக் கிடந்தது. அவர் ஓய்வு பெற்றபோது சபை அதை அவருக்கே கொடுத்துவிட்டது. உருட்டிக்கொண்டு மஹ்மூத் நானாவிடம் போனேன். மூடிக் கிடந்த அவருடைய சைக்கிள் கடை, பெற்றோல் இல்லாமல் போனதும் மறுபடி திறந்திருந்தது. அவர் கெலிஓயாக்காரர். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்குப் பழக்கம்.

“இது சைக்கிளில்ல சேது, தண்டவாளம்” என்றார். பிறகு பின்னாலிருந்த கேரியரைத் தடவிப் பார்த்தார். “மூணு இடத்துல ஒட்டுப் போட்டிரிக்கி. பாத்தீங்களா?”

“ஆபீஸ் பைல் கட்டெல்லாம் ஏத்துவாரு நானா. பாரம்” என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சக்கரத்தைக் கழற்றினார். ஏன் மிதிக்கப் போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. குடும்ப விஷயம் கடையில் பேசுவதற்கில்லை.

வாவியைச் சுற்றி இரண்டு மைல் சமதரை. முதல் நாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடை நடுங்க வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் உட்கார்ந்தே வேலைக்குப் போய்வந்த உடம்பு. ஆனாலும் மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்படுவேன். வயிறு காலியாக இருந்தால் பாரம் குறையும் என்பது என் எண்ணம். பத்திரிகை கொண்டுபோகிறவன் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை வேறு. இப்போதே பழகிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வாவிக்கு மேலே ராஜபிஹில்ல மேட்டில் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மதகில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மஹ்மூத் நானாவின் கடைக்கு வந்தபோது அவருடைய மனைவி கைரியா டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். இன்றைக்கும் அவர் தெருவில் வந்தால் நடுத்தர வயதுப் பெண்கள் முதுகை நிமிர்த்துவார்கள்.

“என்ன தின்டுட்டுப் போனீங்கொ ஸேர்?”

“ஒண்ணுமில்ல.”

“நோன்புல நாங்களும் பகல் பூரா திங்காமத்தான் இரிக்கிறோம். ஆனா ஸஹருக்கு எழும்பித் தின்டுட்டுத்தான் நோன்பு புடிக்கிறோம். உங்கட நோன்புல ஸஹரும் இல்ல, அறிவும் இல்ல.”

என்னிடம் அப்படி யாரும் பேசுவதில்லை. எழுந்து போயிருப்பேன். கால் வரவில்லை. அவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் சீனி கூடுதலாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. குடித்தேன்.

அன்றிலிருந்து அவர் சொன்னபடி நடந்தேன். கேட்டு நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டுத்தான் நடந்தேன். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் அவித்த பயறு. சீட்டை நாலு விரல் உயர்த்த வேண்டும், முழங்கால் மடங்கியே மிதித்தால் பலம் பாதிதான் இறங்கும். மேட்டைக் கண்டதும் எழும்பி நின்று மிதிக்கக் கூடாது, உட்கார்ந்தே மெதுவாக மிதிக்க வேண்டும். மேலே பார்க்கக் கூடாது, முன்சக்கரத்துக்கு முன்னால் பத்தடியைப் பார்த்தால் போதும்.

“எவ்வளவு மெதுவா?” என்று கேட்டேன்.

“பேச முடியிற அளவுக்கு மெதுவா. மூச்சு முட்டி வாய் அடைச்சா வேகம் கூடிட்டுதெண்டு அர்த்தம். நீங்க பரம்பரை பேசுற ஆளுதானே, ஏறக்க உங்கட ஆட்கள்ட பேரெல்லாம் சத்தமா சொல்லிக்கொண்டு போங்கொ. பேச்சு நிக்காம எத்தின பேர் வாறாங்கெண்டு பாப்பம்.”

கிண்டலுக்குச் சொன்னார். நான் அப்படியே செய்தேன். கறுப்பையா, அவர் அப்பா பெரியதம்பி, அவர் அப்பா சேதுராமன், அவர் பேர்தான் எனக்கு. அதற்குமேல் தெரியாது. முதல் வாரம் பெரியதம்பியோடு மூச்சு நின்றது. இரண்டாம் வாரம் சித்தப்பாமார் வந்தார்கள்.

பின்சக்கரத்தில் பல் கூடின வட்டு ஒன்றைப் போட்டால் மேட்டில் இலகுவாக இருக்கும் என்றார் மஹ்மூத் நானா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பா மிதிச்ச பல்லுலயே நான் மிதிப்பேன்.”

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது: “ஸேர்ட வாயில மூணு கட்டுப்பல்லு. அத வச்சு இடியப்பம் தின்னக்க மரியாதை கொறஞ்சிட்டா?”

மஹ்மூத் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வட்டை மாற்றச் சொன்னேன்.

ஆடி பிறந்தது. ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது. மேடு ஏறுவது நல்ல காரியத்தில் சேருமா என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஏறும் ஹந்தானைப் பாதையை எடுத்துக்கொண்டேன். முதலில் முழுவதையும் அல்ல. செங்குத்தான ஒரு துண்டை, இருநூறு யார் தூரம் இருக்கும், ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. ஒரு காலைக்கு ஆறு தடவை. மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ஓய்வு நாள்லதான் கால் வளரும், மிதிக்கிற நாள்ல தேயும்” என்று டீச்சர் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கும் போயிருப்பேன்.

கீழே பெற்றோல் வரிசையில் முச்சக்கர வண்டிகள் நின்றன. மூன்று நாளாக நின்ற ஒருவன் வண்டிக்குள் படுத்துக்கொண்டே கத்தினான்: “ஐயா, எத்தன நாளா மிதிக்கிறீங்க! மேடு இன்னும் தேயலயே!”

“தேயும். நீ இந்த வரிசையில நின்னு முடிக்கிறதுக்குள்ள நான் தேச்சிருவேன்.”

வரிசையே சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் அவனே நான் ஏறும்போது எண்ண ஆரம்பித்தான். “நாலு! அஞ்சு! ஐயா, இன்னும் ஒண்ணு!” ஆறாவது முடிந்து இறங்கும்போது யாரோ ஹாரன் அடித்தார்கள். பெற்றோல் இல்லாத வண்டியிலும் ஹாரன் அடிக்கும்.

ஆடி முடியும் முன் ஒருநாள் அடியிலிருந்து மேலே பழைய தேயிலைத் தொழிற்சாலை வரை கால் ஊன்றாமல் ஏறினேன். பேர்கள் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அத்தை வீட்டுப் பேர்களையும் சேர்க்க வேண்டி வந்தது. அத்தை, மாமா, பிறகு வீரய்யா. அந்தப் பேரைச் சொல்லும்போது கடைசி மேடு. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, புதன்கிழமை. கோயிலுக்குப் போகிறேன் என்று பரிமளத்திடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் புறப்பட்டேன். சபையில் வைத்துத் தோற்க எனக்கு விருப்பமில்லை. ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் ஏறிப் பார்த்துவிட வேண்டும். ஏழரைக்கு வத்தேகமச் சந்தையில் கடை திறந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆறு வளைவும் ஹந்தானையைவிடப் பெரிதில்லை. ஏழாவதில் கொங்கிரீட் பெயர்ந்து சரளைக்கல் கிடந்தது. பின்சக்கரம் வழுக்கிற்று. சீட்டைவிட்டு எழும்பியிருந்தால் விழுந்திருப்பேன். உட்கார்ந்தே மிதித்தேன். எட்டு. ஒன்பது. தொடை எரிந்தது, ஆனால் வாய் பேசிக்கொண்டிருந்தது. பதினொன்றாவதைத் தாண்டியதும் வீரய்யாவின் இரும்புக் கேட். ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே நாய் குரைத்தது. சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை, மூலையில் ‘சே’ என்று பரிமளம் தைத்தது, பல்லும் ஒரு கையுமாகக் கேட் கம்பியில் கட்டினேன். “யாரது?” என்று உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. கேட்டைத் தள்ளி வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பார்த்தவர் யாருமில்லை. நான் பார்த்தேன். அது போதும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் திறந்தது. மஹ்மூத் நானாவின் கடையில் உட்கார்ந்து வீரய்யா சொன்னது, நான் சொன்னது, பந்தயம், புஷ்பத்தின் கல்யாணம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“தள்ளிக்கொண்டு வந்தாரெண்டு சொன்னானா? என்னத்தத் தள்ளினாரெண்டு சொல்லல்லயா?”

“கிழங்கு கொண்டுபோவார். ஒரு பையில.”

“பையிலயா?” அவர் கேரியரைக் காட்டினார். “இந்த ஒட்டு மூணும் நான் போட்டது. எழுபத்து நாலு. எனக்கு இருபது வயசு. தேயிலைத் தோட்டத்துல சனம் பசியில செத்த வருசம். சனிக்கிழமை ஆபீஸ் விட்டு உங்கட அப்பா கெலிஓயாவுக்கு வருவாரு. எங்கட வாப்பா மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக் குடுப்பாங்க. ஒரு அந்தர். சும்மா வாங்க மாட்டாரு, பின்னேரம் பூரா வேலி கட்டிக் குடுத்துட்டுத்தான் எடுப்பாரு. ஞாயிறு விடிய அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வத்தேகமைக்குப் போவாரு. தங்கச்சிட புள்ளைகளுக்கு. எட்டு மாசம். ஒரு ஞாயிறு தவறல்ல.”

ஒரு அந்தர் என்றால் இன்றைய கணக்கில் ஐம்பது கிலோ.

நான் அந்த வருடம் ஹட்டனில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிழங்கு கொண்டுபோனது தெரியும். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. வீரய்யா சொன்ன சொல் பதினொரு வருடம் என்னைச் சுட்டதற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது இழிவு என்று நானும் நம்பியிருந்தேன். அதனால்தான் மிதித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

அன்று பின்னேரமே ஐம்பது கிலோ மணலைக் கட்டச் சொன்னேன். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பிற்று. ஹந்தானை அடிவாரத்தில் இருபது அடி தள்ளினேன். அவ்வளவுதான். மிதித்து ஏறுவது காலின் வேலை. தள்ளி ஏறுவது அப்படியல்ல. மணிக்கட்டு, தோள், இடுப்பு, குதிங்கால் எல்லாம் கேட்கும். சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்க முடியாது. நின்றால் பாரம் பின்னால் இழுக்கும். ஓய்வெடுப்பதற்கும் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓய்வெடுக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

பாதி மணலைக் கொட்டினேன். அரை அந்தரைத் தள்ள முடிந்தது. பத்து நாள் அதையே ஹந்தானையில் தள்ளினேன்.

பரிமளத்துக்குச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “மிதிச்சு ஏறிட்டீங்கன்னா அதையே போய்ச் சொல்லுங்க. இப்பத் தள்ளிக்கிட்டுப் போனா அண்ணன் சிரிக்கும். வரமாட்டேன்னு சொன்னதை வச்சுக்கிட்டு வராமயே இருந்துரும்.”

“சிரிக்கட்டும். எழுபத்து நாலுல உங்க வீட்டுல என்ன சாப்பிட்டீங்க?”

“கிழங்கு. ஞாயித்துக்கிழமை கடைசி வளைவுல மாமா மணி அடிப்பாங்க. நான் ஓடுவேன். அண்ணன் வராது. வீட்டுக்குப் பின்னால போய் நின்னுக்கும். பதினாலு வயசு, வெக்கம். ராத்திரி அதுதான் அதிகமாச் சாப்பிடும்.”

“இத்தனை வருஷமா சொல்லலையே.”

“நீங்க கேட்டீங்களா?”

ஆவணி ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் முன்னால் பத்திரிகையை வைத்து எடுத்தோம். கெலிஓயாவில் மஹ்மூத் நானாவின் காணியில் அதற்கு முந்தின நாள் பிடுங்கிய கிழங்கு, அரை அந்தர், கேரியரில் இருந்தது. கயிற்றைப் பரிமளம்தான் இறுக்கினாள். இட்லியும் வைத்தாள். வெறும் வயிறு என்ற முறையை நான் அன்றைக்கு மீறினேன். முறையை ஏற்படுத்தியவர்கள் இதைத் தள்ளிப் பார்த்திருந்தால் அவர்களும் மீறியிருப்பார்கள்.

சந்தை வரை மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தேன். முதல் வளைவில் இறங்கினேன். அதன்பிறகு ஏறவில்லை.

பேர் சொல்ல மூச்சு இல்லை. பத்தடியை மட்டும் பார்த்தேன். நாலாவது வளைவில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழாவதில் சரளைக்கல்லில் செருப்பு வழுக்கி முழங்கால் தரையில் பட்டது. சைக்கிளை விடவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பெண், பேர் பாப்பம்மா என்று பிறகு தெரிந்தது, “பிடிக்கவா ஐயா?” என்று கேட்டாள். “வேணாம்மா” என்றேன். அவள் கொஞ்ச தூரம் எனக்குப் பின்னால், மூட்டை சரிந்தால் பிடிக்கிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டுத் திரும்பினாள்.

கடைசி வளைவில் மணி அடித்தேன். அப்பாவின் பழைய மணி. அடித்தால் ஒரு பள்ளத்தாக்குக்குக் கேட்கும்.

வீரய்யா முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கூட நாலைந்து சொந்தக்காரர்கள். வேடிக்கை பார்ப்பதற்கென்றே கூப்பிட்டு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மணிச் சத்தத்துக்கு எழுந்து நின்றவர் என்னைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்தார்.

“என்ன மாப்பிள்ளை, மிதிச்சு ஏறுவேன்னீங்க. தள்ளிக்கிட்டு வந்துட்டீங்களே.” பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். “பேசினது ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு மச்சான். மிதிச்சு ஏறிட்டேன். போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. உங்க கேட்டுல கைக்குட்டை கட்டியிருந்துச்சா?”

அவர் கேட் பக்கம் பார்த்தார். அவருடைய மருமகள் உள்ளே போய் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்தாள். துவைத்து மடித்திருந்தது. “நான்தான் மாமா யாருன்னு சத்தம் போட்டேன். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்லயே இருந்தாங்க. வயசான ஆளு இந்த மேட்டுல எப்படின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள்.

“அது பந்தயத்துக்கு” என்றேன். “இன்னைக்கு வந்தது பத்திரிகைக்கு.”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, அவிழ நேரமாயிற்று. மூட்டையை இழுத்து வாசலில் வைத்தேன். சாக்கின் வாய் விரிந்து மண் ஒட்டின கிழங்கு இரண்டு வெளியே உருண்டது.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் சொல்லவில்லை. காட்டவில்லை என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

வீரய்யா கதிரையை விட்டு எழுந்து வந்தார். குனிந்து மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது, ஆள் என்னைவிடப் பருமன். மூட்டை முழங்கால் வரை வந்தது. திரும்ப வைத்துவிட்டு அப்படியே குனிந்தபடி நின்றார்.

“எவ்வளவு?”

“அரை அந்தர்.”

“மாமா கொண்டு வர்றது இதைவிடப் பெருசு.” அவர் குரல் சனத்துக்குக் கேட்காத குரலாக இருந்தது.

“ஒரு அந்தர். என்னால அரைதான் முடிஞ்சுது மச்சான். அதை ஒத்துக்கிறதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல.”

அவர் நிமிர்ந்தார். சொந்தக்காரர்களைப் பார்க்கவில்லை. கால்சட்டையில் மண்ணைத் துடைத்துக்கொண்டு, “தட்டு எங்க?” என்றார்.

பையிலிருந்து தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, பத்திரிகையை மேலே வைத்து நின்றபடியே நீட்டினேன். நின்றபடியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிழங்கை உடனேயே அவித்தார்கள். துருவின தேங்காய்ப் பூவும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வந்தன. மருமகள் என் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். நான் ஒரு துண்டை எடுத்தபோது வீரய்யாவின் வாயில் பழைய வீரய்யா வந்துவிட்டார்.

“இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்ன மாதிரி ஞாபகம்.”

“நனைக்கலயே. எங்க வீட்டுக் கிழங்கைத்தானே தின்றேன். சம்பலைத் தொட்டேனா, பாருங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சம்பல் நல்ல வாசமாகத்தான் இருந்தது.

புறப்படும்போது, “வேன்ல சைக்கிளை ஏத்திக் கட்டுக்கலையில விட்டுரவா?” என்று கேட்டார்.

“இறக்கம்தானே. அது தானா போகும்.”

“கல்யாணத்துக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?”

சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னேன். “முகூர்த்தம் ஏழரைக்கு. பிந்தினா உங்க சீரை எடுத்து ஓரமா வச்சுட்டு வேற ஆள் சீரை முதல்ல வாங்கிருவேன். டயர் வெடிச்சுதுன்னு சொல்லக் கூடாது.”

அவர் முகம் கறுத்தது. ஆனால் பதில் சொல்லவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்தின கோடிக்கு அவர் கொடுத்த பதில் அந்த மௌனம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போது பிரேக் கட்டை சூடாகி ரப்பர் நாறிற்று. ஏழாவது வளைவில் மட்டும் இறங்கி உருட்டினேன். பார்த்தவர் இருந்திருந்தாலும் உருட்டியிருப்பேன்.

கல்யாணத்தன்று அதிகாலை ஐந்து மணிக்கு மண்டபத்தைத் திறக்கச் சாவியோடு போனேன். பூக்காரன்கூட வரவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் வேன் நின்றது. படியில் பட்டு வேட்டியும் சால்வையுமாக வீரய்யா உட்கார்ந்திருந்தார். மடியில் சீர்த்தட்டு.

“எப்ப வந்தீங்க?”

“நாலு மணிக்கு” என்றார் முறைப்பாக.

நான் கதவைத் திறந்து, அவரை முதலில் உள்ளே போகவிட்டேன்.